காணாமலும் மதிக்கலாம்

லடாக்கின் ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குப் பனிச்சிறுத்தையைத் தேடிப் போகிறவர்களில் பலர் அதைக் காணாமலே திரும்புகிறார்கள். அந்தப் பயணம் வீணா? வீண் என்றால், அந்த உயிரின் மதிப்பு நம் கண்ணில் படுவதைப் பொறுத்தது என்றாகிவிடும். அதன் சாம்பல் நிறத் தோலோ பாறையோடு கலந்து மறைவதற்கே அமைந்தது. மறைந்திருந்தால்தான் பாரல் என்னும் மலையாட்டை அது நெருங்க முடியும். நம் பார்வைக்காக அது பிறக்கவில்லை.

பார்க்க வருவோரின் பணம்தானே அதைக் காக்கிறது என்று கேட்கலாம். உண்மைதான், ரும்பக் போன்ற ஊர்களில் விருந்தினரைத் தங்கவைத்து ஈட்டும் வருமானம், பனிச்சிறுத்தையிடம் ஆடுகளைப் பறிகொடுத்தவர்களின் கோபத்தைத் தணிக்கிறது. ஆயினும் பணம் என்பது காப்பதற்கான வழிதான், காக்க வேண்டியதற்கான காரணம் அல்ல. வருமானம் நின்றாலும் அந்த உயிருக்கு வாழும் உரிமை உண்டு. அம்மலைகளில் வேரூன்றிய பௌத்தத்தின் கருணையும் கண்ட உயிர், காணாத உயிர் என்று பிரிப்பதில்லை. அங்கே போகிறவர், காட்சியைத் தம் உரிமையாகக் கேட்காமல் போவதே அறம்.