ஒருநாள் வாணிபமும் மிகுபொருள் விரும்பாமையும்

ஆண்டிபட்டியில் ஆசிரியப் பணி புரியும் என் தங்கை மகன், சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது ஒரு வினா எழுப்பினான்: "மாமா, நம் உழவில்கூட ஏரின்கீழ்ச் சிற்றுயிர்கள் பல மடிகின்றன. பங்குகளை ஒரே நாளில் வாங்கி விற்கும் வாணிபத்தில் எவ்வுயிர்க்கும் ஊறில்லை. நம்மவர்க்கு இதனினும் தூய தொழில் உண்டா?" மகளின் படிப்புக்கெனச் சேர்த்த பணத்தை அதில் இட அவன் எண்ணியிருந்தான். ஆதலின் விடையை எளிதாகக் கூற இயலவில்லை.

அவன் கற்றவை இவை: காலை 9.15 மணிக்குச் சந்தை தொடங்கியபின் பங்கை வாங்கி, பிற்பகல் 3.30 மணிக்கு முடியுமுன் விற்றுவிட வேண்டும். விலை இறங்குமெனக் கருதினால் முதலில் விற்றுப் பின்னர் வாங்கலாம். கைப்பணத்தைப்போல் ஐந்து மடங்கு வரை தரகர் வழியே வாணிபம் செய்யலாம். இலாபம் பெருகுவது போன்றே நட்டமும் பெருகும். இவ்வளவுக்குமேல் இழப்பதில்லை என முன்னரே வரம்பிடுதல் 'ஸ்டாப்லாஸ்' எனப்படும்.

சந்தையை நெறிப்படுத்தும் செபி அமைப்பு 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23 நிதியாண்டில் இவ்வாணிபம் செய்த தனிநபர்களுள் பத்தில் எழுவர் இழந்தனர். ஓராண்டில் 500 முறைக்கு மேல் ஈடுபட்டோருள் நூற்றுக்கு எண்பதின்மர் இழந்தனர்.

ஆயினும் இழப்பு ஒன்றே தீமைக்குச் சான்றாகாது. மழை பொய்த்தால் உழவனும் இழக்கிறான். ஈட்டம் எங்கிருந்து வருகிறது என்பதே வினா. ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டி நெசவாளர் சேலை விற்றால், அவர்க்கு ஊதியம், வாங்கினார்க்கு ஆடை. ஒரு நிறுவனத்தின் பங்கைப் பல்லாண்டு வைத்திருப்போர் அதன் வளர்ச்சியில் பங்கு பெறுகின்றனர். ஒருநாள் வாணிபத்திலோ ஒருவர் ஈட்டுவது பெரும்பாலும் மற்றொருவர் இழந்ததே. முகமறியா ஒருவர் பிழைபட வேண்டுமென நாள்முழுதும் நெஞ்சம் காத்திருப்பின், அது அபத்தியானம் அன்றோ? கையால் கொல்லாவிடினும், உலோபம் பற்றிய உள்ளம் முதலில் தன் உயிர்க்கே ஊறு செய்கிறது.

"ஸ்டாப்லாஸ் வைத்துக்கொள்வேனே, மாமா" என்றான்.

"அது இழப்புக்கு இட்ட வரம்பு. ஈட்டத்துக்கு வரம்பு எது? இன்று ஆயிரம் போதுமென்பாய், கிடைத்தால் நாளை ஐயாயிரம் என்பாய்" என்றேன்.

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் இல்லறத்தாரைப் பொருளைத் துறக்கச் சொல்லவில்லை. ஆசை எழுமுன்னரே அளவை வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. எழுந்தபின் வகுக்கும் அளவு ஆசையின் அளவேயாகும். சந்தை அறிந்த உத்தி இழப்புக்கு அஞ்சி வரம்பிடுகிறது. விரதமோ ஈட்டத்துக்கு அஞ்சி வரம்பிடுகிறது.

அவன் கற்பதை விட்டுவிடவில்லை. மகளின் பணத்தைத் தொடுவதில்லை என்று மட்டும் உறுதி கூறி ஆண்டிபட்டிக்குப் புறப்பட்டான். நம் இல்லத்து இளைஞர் பங்குக் கணக்குத் தொடங்க முற்படின், தடுப்பதற்கு முன் ஒன்று கேட்போமாக: "எவ்வளவு போதும்?" அதற்கு விடை எழுதியபின் அவர்கள் தொடங்கட்டும்.