அன்பினால் இட்ட பொய்ப்பெயர்

ஒரு நூல் பழமையுடைத்து என்பதும், அதன்கண் குறித்த பெயருடையாரே அதனைச் செய்தார் என்பதும், அது கூறும் பொருள் மெய் என்பதும் தம்முள் வேறாய மூன்று வினாக்களாம். இவற்றுள் ஒன்றற்கு விடை கண்டு மூன்றற்கும் கண்டதாக மகிழ்வார் பலர். கிறித்தவ சமயத்தார் விலக்கிய பழைய நூல்களைப்பற்றிய வழக்கில் இம்மயக்கம் பெரிதும் நிகழ்தலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பழமை ஒன்றே அமையாது. இயேசுவுக்கு மனைவியுண்டெனக் குறிக்கும் கோப்து மொழித் துணுக்கு ஒன்று 2012 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் பாப்பிரசுத்தாள் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டதெனச் சோதனையில் தெரிந்தது. எழுத்தோ இக்காலத்தார் புனைவென 2016 ஆம் ஆண்டில் துணியப்பட்டது.

விலக்குண்டமையும் பொய்ம்மைக்குச் சான்றாகாது. புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள 27 நூல்களையே வரையறுத்துக் கூறும் அட்டவணை, அலெக்சாந்திரிய மேற்றிராணியாராகிய அத்தானாசியார் கி.பி. 367 இல் விடுத்த நிருபத்தில்தான் முதற்கண் காணப்படுகின்றது. ஏனோக்கு நூலைப் பெரும்பாலார் விலக்கினும், ஏற்கப்பட்ட யூதா நிருபம் அதனை எடுத்தாளுகின்றது. எத்தியோப்பியத் திருச்சபையார் அதனை இன்றும் வேதநூலாகக் கொள்வர். மற்று, ஏற்கப்பட்ட பேதுருவின் இரண்டாம் நிருபம் அவர் செய்ததன்றென்பது இக்கால ஆராய்ச்சியாளருட் பெரும்பாலார் துணிபு.

அங்ஙனமாயின், பொருள் நன்றாயிருப்பப் பெயர் எவரதாயின் என்னை? அன்பு மிகுதியால் பெரியார் பெயரை இடுதல் குற்றமாமோ? எனின், இவ்வினா புதிதன்று. கி.பி. 200 ஆம் ஆண்டளவில் வாழ்ந்த தெர்த்துல்லியர் ஒரு செய்தி கூறுவர். மகளிரும் போதிக்கலாம், ஞானஸ்நானங் கொடுக்கலாம் என்பார், தெக்கிலாள் என்பாள் சரிதையை மேற்கோளாகக் காட்டினர். பவுலடிகள் பெயரைத் தாங்கிய அந்நூலைப் புனைந்தவர், உரோமர் ஆட்சியில் ஆசியா எனப்பட்ட மாகாணத்துக் குரு ஒருவர். உண்மை வெளிப்பட்டபோது, பவுல்மேல் வைத்த அன்பினாற் செய்தேன் என ஒப்பி அவர் தம் பதவியினின்று நீங்கினர்.

தெர்த்துல்லியர் மகளிர்க்கு அவ்வுரிமையை மறுக்கும் நோக்கமுடையர் என்பது உண்மையே. அதுபற்றி அவர் கூற்றை முழுதுந் தள்ளுதலும், குரு பிழைத்தமைபற்றி மகளிர்க்கு உரிமையில்லையெனத் துணிதலும் ஆகிய இரண்டும் வழுவாம். பெயர் பொய்யாயின் அப்பெயரால் வந்த சான்று ஒழியும்; வழக்கு ஒழியாது, வேறு சான்று வேண்டி நிற்கும்.

அக்குருவின் அன்பை யாம் ஐயுறேம். ஆயினும் உரையளவை உரைப்போனது வாய்மையைப் பற்றுக்கோடாக உடையது. கேட்டார் பவுலென நம்பி உடன்பட்டனர்; அவ்வுடன்பாட்டைக் கொண்டவரோ பிறர். தாம் சொல்லாத சொல்லுக்குப் பவுலும் பொறுப்பாளியாக்கப்பட்டனர். ஆகவே அன்பு செய்யப்பட்டாரும் கேட்டாரும் ஒருங்கே வஞ்சிக்கப்பட்டனர். ஆசிரியன்பால் அன்புடையான் செய்யற்பாலது, அவன் கருத்தெனத் தான் உணர்ந்ததைத் தன் பெயராலேயே விளக்குதலாம்.

பிறர் நூலுக்கு ஓர் அளவுகோலும் தம் நூலுக்கு வேறோர் அளவுகோலும் கொள்வார்க்கு இவ்வாராய்ச்சியிற் புக உரிமையில்லை என்க.