இறக்கி வைக்க இடமில்லாதவள்

மகள் தொலைபேசியில் கேட்டாள்: "அம்மா, அம்மம்மாவின்ர அந்த நூல் சேலை இன்னும் இருக்கோ? அதை வெட்டித் தைச்சுத் தருவீங்களோ?"

அவளுக்கு இது ஏழாம் மாதம். பிறக்கப்போகிற பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு திரிய ஒரு துணி வேண்டுமாம். கடையில் வாங்கலாம், காசு அவளுக்குப் பிரச்சினையில்லை. அம்மம்மாவின் துணியாக இருக்கவேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இந்த நாட்டில் இருபத்துமூன்று வருடம் ஒரு உடுப்புத் திருத்தும் கடையில் மற்றவர்களின் காற்சட்டைகளை வெட்டியும் மடித்தும் தைத்தவள் நான். துணியை வெட்டக் கை கூசுகிற ஆளில்லை. ஆனால் அந்தச் சேலையைப் பற்றி அம்மா எனக்கு ஒரு விஷயம் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, "உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றும் சொல்லியிருந்தார். அவர் இறந்து பல வருடங்களாகிவிட்டன. இறந்தவர் மறைக்கச் சொன்னதை மறைத்துக்கொண்டே இருப்பதுதான் அவருக்கு மரியாதையா என்ற கேள்வி, மகளின் அந்த ஒரு தொலைபேசி அழைப்போடு எனக்கு வந்து சேர்ந்தது.

அம்மா 2001இல் விசிட் விசாவில் டோட்முண்டுக்கு வந்தார். ஒருநாள் ட்ராம் தரிப்பிடத்தில் நிற்கும்போது, ஒரு ஜெர்மன் பெண் நீளமான வரித்துணியொன்றைத் தோளிலும் இடுப்பிலும் சுற்றி, அதற்குள் ஒரு கைக்குழந்தையை வைத்துக் கட்டியபடி வந்தாள். இரண்டு கையும் சும்மா இருந்தன. ஒரு கையால் அப்பிள் தின்றுகொண்டிருந்தாள். அம்மா என்னுடைய முழங்கையை இடித்து, "அங்கை பார் பிள்ளை, வெள்ளைக் குறத்தி" என்றார். நானும் சிரித்தேன். எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊரில் பிள்ளையை இடுப்பில்தான் தூக்குவார்கள். ஒரு கை எப்போதும் பிள்ளையைச் சுற்றியிருக்கும், மற்றக் கைதான் வேலைக்கு. அப்படித் தூக்கி நாள் முழுக்கச் சமாளிக்க முடியாது. ஆகவே அம்மம்மா ஒரு தரம், சித்தி ஒரு தரம், பக்கத்து வீட்டு அக்கா ஒரு தரம் என்று பிள்ளை இடுப்பு மாறிக்கொண்டே இருக்கும். நித்திரை வந்தால் ஏணை. ஒரு பழைய நூல் சேலையை வீட்டு வளையில் கட்டித் தொங்கவிட்டால் ஏணையாகிவிடும். எங்களில் அனேகமானவர்கள் அப்படி ஏதோ ஒரு பழஞ்சேலைக்குள் நித்திரை கொண்டுதான் வளர்ந்திருக்கிறோம்.

ஆனால் அதே சேலையால் பிள்ளையை உடம்போடு கட்டிக்கொண்டு ஒரு பெண் ஒழுங்கையில் வந்தால் அவள் யார் என்பது எங்களுக்குத் தெரியும். கைரேகை பார்க்க வருகிறவள். பிச்சைக்கு வருகிறவள். பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆளில்லாமல் கூலிக்கு வருகிறவள். படலைக்கு வெளியே நிற்பாட்டித்தான் பேசுவோம். எங்கள் வீட்டுப் பெண் அப்படிக் கட்டினால் "என்ன, குறத்தி மாதிரி" என்று ஒரு சொல்லில் காரியம் முடிந்துவிடும். ஒரு சாதியின் பெயரையே வசைச்சொல்லாக வைத்திருந்தோம். நல்லூரில் முருகனுக்குப் பக்கத்தில் நிற்கும் வள்ளி குறமகள் என்பது எங்களுக்கு ஞாபகம் வருவதில்லை. இங்கே தமிழ்ப் பாடசாலை ஆண்டுவிழாக்களில் எங்கள் பெண் பிள்ளைகளுக்குக் குறத்தி வேஷம் போட்டு, பிளாஸ்டிக் பொம்மையைத் துணியில் கட்டித் தோளில் தொங்கவிட்டு ஆடவிடுகிறோம். கைதட்டுகிறோம், வீடியோ எடுக்கிறோம். வேஷத்தில் அது வடிவு.

துணி ஒன்றுதான். வளையில் கட்டினால் ஏணை, உடம்பில் கட்டினால் இழிவு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு கூரை மட்டும்தான் என்று எனக்கு இப்போது படுகிறது. ஏணை கட்டுகிறவளுக்கு ஒரு வளை இருக்கிறது, அந்த வளையைத் தாங்க ஒரு சுவர் இருக்கிறது, பிள்ளையை ஆட்டிவிட ஒரு கிழவி இருக்கிறாள். உடம்பில் கட்டுகிறவளுக்குப் பிள்ளையை இறக்கி வைக்க இடமில்லை. நாங்கள் இளக்காரமாகப் பார்த்தது அவள் கட்டிய விதத்தை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அவளுக்கு இடமில்லாததைத்தான் இளக்காரமாகப் பார்த்தோம்.

மலைநாட்டில் இன்னொரு விதம். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் மாட்டியிருக்கும், கூடை முதுகில் கிடக்கும். தன் பிள்ளையைக் கட்டக்கூடிய முதுகில் தோட்டத்தின் கொழுந்து ஏறிவிட்டது. பிள்ளை பிள்ளை மடுவத்தில் ஒரு ஆயாவிடம் கிடக்கும், நேரம் பார்த்து ஓடிவந்து பால் கொடுக்கவேண்டும். பிள்ளையை உடம்போடு வைத்திருப்பதுகூட எல்லாருக்கும் கிடைக்கிற ஒன்றல்ல. இதைப் பற்றி யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை, தேத்தண்ணி மட்டும் குடித்தோம்.

ஜெர்மன்காரர் இந்த விஷயத்தில் எங்களுக்கு மேலானவர்களாக இருந்தார்கள் என்று யாரும் நினைக்கவேண்டாம். 1934இல் ஜொஹன்னா ஹாரர் என்ற நாசிக் காலத்து வைத்தியர் தாய்மாருக்கு ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளை அழுதால் தூக்காதே, தூக்கினால் அது உன்னை ஆளத் தொடங்கிவிடும் என்பது அதன் சாரம். நாசிகள் போன பின்னரும் தலைப்பிலிருந்து 'ஜெர்மன்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு அந்தப் புத்தகம் 1987 வரை பதிப்புக் கண்டது. அதாவது நாங்கள் இங்கே அகதிகளாக வந்திறங்கிய வருடங்களிலும் கடைகளில் இருந்திருக்கிறது. 1970இல் பெர்ன்ஹார்ட் ஹாஸன்ஸ்டைன் என்ற உயிரியலாளர் மனிதக் குட்டிக்கு 'ட்ராக்லிங்' என்று ஒரு பெயர் வைத்தார். சுமக்கப்பட வேண்டியது என்று பொருள். அதற்கு முன்னர் குஞ்சுகளை இரண்டாகப் பிரித்திருந்தார்கள்: கண் திறக்காமல் கூட்டிலேயே கிடப்பவை, பிறந்த உடனேயே கூட்டை விட்டு ஓடுபவை. மனிதப் பிள்ளை இரண்டிலும் சேராது, தாயின் உடம்பில் தொற்றிக்கொள்ளவே அது பிறந்திருக்கிறது என்றார் அவர். பிறந்த பிள்ளையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுக்கிப் பிடிக்கிறதே, அது அந்தத் தொற்றுதலின் மிச்சமாம். (கூட்டை விட்டு ஓடுபவை என்பதற்கு ஜெர்மன் மொழியில் இருக்கும் சொல்லுக்கும் அகதி என்பதற்கான சொல்லுக்கும் ஒரே வேர். முதல்தரம் கேட்டபோது அந்த வகையில் எங்களையும் சேர்க்கலாமே என்று நினைத்தேன்.)

1972இல் எரிகா ஹொஃப்மன் என்ற பெண் தன் இரட்டைப் பிள்ளைகளைத் தூக்க மெக்சிக்கோவின் ரெபோசோச் சால்வையைப் பாவித்து, மற்றவர்களும் கேட்கத் தொடங்க, 'டிடிமோஸ்' என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். அமெரிக்காவில் இதற்குக் கொஞ்சம் முன்னரே, மேற்கு ஆபிரிக்காவின் டோகோவில் சமாதானப் படையில் வேலை செய்து திரும்பிய ஆன் மூர் என்ற தாதி, அங்கே தாய்மார் முதுகில் பிள்ளையைக் கட்டுவதுபோலத் தானும் கட்டப்பார்த்தார். பிள்ளை நழுவியது. தன் தாயிடம் சொல்லித் தைப்பித்தார். அந்தத் தாய் தைத்துக் கொடுத்ததுதான் பிறகு 'ஸ்நக்லி' ஆனது. 1969இல் காப்புரிமை கிடைத்தது. டோகோவின் பெண்களுக்கு எந்தக் காப்புரிமையும் இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. இதைத் திருட்டு என்று சொல்ல நான் வரவில்லை, எங்கே கண்டோம் என்பதை அந்தப் பெண்கள் மறைக்கவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. வசதியுள்ள ஒருத்தி விரும்பிக் கட்டினால் அது அறிவு, வேறு வழியில்லாதவள் கட்டினால் அது கதியற்ற தன்மை. கட்டுகிற முடிச்சு ஒன்றுதான். பிள்ளைக்குக் கிடைக்கிற சூடும் ஒன்றுதான்.

இனி அம்மா சொன்னது.

ட்ராம் தரிப்பிடத்துச் சிரிப்புக்கு இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு, ஒரு இரவு நித்திரை வராமல் குசினிக்குள் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். 1995 ஒக்டோபர் 30 இரவு. வலிகாமம் முழுவதும் வீதிக்கு இறங்கிய இரவு. அந்த நடையைப் பற்றி எங்கள் பத்திரிகைகளில் நிறைய எழுதப்பட்டுவிட்டது, நான் பார்க்காததை நான் விபரிக்கப்போவதில்லை. அம்மா சொன்னது இவ்வளவுதான். தம்பியின் மனைவி மூத்த பெட்டையைக் கையில் பிடித்திருந்தாள், தம்பி சைக்கிளில் மூட்டைகளைக் கட்டி உருட்டினான், ஏழு மாதப் பெடியன் அம்மாவின் இடுப்பில். செம்மணி வெளியில் மழை. நாவற்குழிப் பாலத்தில் சனம் நெரிந்து நகரவில்லை. பல மணித்தியாலம் தூக்கிய கை விறைத்துவிட்டது. "கை இருக்கோ இல்லையோ எண்டு தெரியேல்லை பிள்ளை. விழுத்திப்போடுவன் எண்டு பயம் வந்திட்டுது." மாற்றுடுப்பு மூட்டையிலிருந்து இந்த நூல் சேலையை இழுத்தெடுத்து, பெடியனை நெஞ்சில் வைத்து, தோளாலும் இடுப்பாலும் சுற்றி முடிந்திருக்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. படலைக்கு வெளியே நின்றவள்களைப் பார்த்த கண் அதை எங்கோ வைத்திருந்திருக்கிறது. அப்படியே சாவகச்சேரி வரைக்கும் நடந்தாராம்.

சொல்லி முடித்துவிட்டுத்தான் அந்த வார்த்தை. "உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. குறத்தி மாதிரிக் கட்டிக்கொண்டு போனாளெண்டு பெயர் வரும்."

வீட்டை விட்டுவந்தார், கிணற்றை விட்டுவந்தார், கட்டின தாலிக்கொடியைப் பிறகு விற்றார். இந்த ஒரு வெட்கத்தை மட்டும் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவர அவருக்கு முடியவில்லை. எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால், அந்த வெட்கம் ஒருவேளை அவருக்குக் கடைசியாக மிஞ்சிய வீடாக இருந்திருக்கலாம். இன்னும் நான் அந்த மாதிரி ஆள் இல்லை, எனக்கு ஒரு வளை இருந்தது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அது உதவியிருக்கலாம். இதை நினைக்கும்போது அவருடைய வார்த்தையை மீற எனக்கு மனம் வருவதில்லை.

ஆனாலும் மீறுகிறேன். அவர் வெட்கப்பட்டது தன்னைக் குறித்து மட்டுமல்ல. அந்த வெட்கத்துக்குள் இன்னொருத்தி இருக்கிறாள், படலைக்கு வெளியே நிற்பாட்டப்பட்டவள். அம்மாவின் மானத்தைக் காக்க நான் வாய் மூடியிருந்தால், கட்டிச் சுமப்பது மானக்கேடு என்பதற்கு நானும் கையெழுத்து வைத்த மாதிரி ஆகும். அவளிடமிருந்து எடுத்த முடிச்சுத்தான் அன்றைக்கு எங்கள் பிள்ளையைக் காப்பாற்றியது. அந்தக் கடனை மறைப்பது மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மா இருந்திருந்தால் என்னோடு சண்டை பிடித்திருப்பார், அது நியாயமும்கூட.

எழுத முன்னர் ஒருவரிடம் மட்டும் கேட்கவேண்டியிருந்தது. அந்த ஏழு மாதப் பெடியன் இப்போது கனடாவில் இருக்கிறான், முப்பது வயதுக்காரன். அவனுக்கு இது தெரியாது. தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமி, அந்தச் சேலையை வெட்டிப்போடாதேங்கோ" என்றான். அப்பம்மா நாவற்குழியில் தன்னை விடவில்லை என்பதற்கு அது ஒன்றுதானே சாட்சி என்றான். பிறக்கப்போகிற பிள்ளைக்கு வெட்டித் தா என்கிறாள் மகள். சுமக்கப்பட்டவனுக்கா, சுமக்கப்போகிறவளுக்கா அது சொந்தம்? அம்மாவானால் யோசிக்காமல் வெட்டியிருப்பார். பழஞ்சேலை என்றால் கிழித்து ஏணை கட்டுவதும், பிறகு பிள்ளைக்குத் துடைப்பதும், கடைசியில் அடுப்படிக்குப் போவதும்தான் அவர் அறிந்த வழி. துணியை அலுமாரியில் வைத்துக் கும்பிடுவது வீட்டை இழந்த பிறகு நாங்கள் பழகிக்கொண்ட பழக்கம்.

கடைசியில் சேலையே பதில் சொன்னது. எடுத்து விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஐந்தரை மீற்றர், கரை இன்னும் அரக்குச் சிவப்பு. ஆனால் வருடக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்ததில் மடிப்போரமெல்லாம் நூல் விலகி, வெளிச்சம் ஊசி ஊசியாய் வந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். முறுமுறு என்று ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்தது. பிள்ளையின் பாரத்தை இதில் போட முடியாது. தையல்காரியாக எனக்கு அதில் சந்தேகமில்லை. 2010இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பிள்ளை தாங்கும் பைத்துணிகளில் இருபது வருடத்தில் குறைந்தது 14 குழந்தைகள் இறந்திருந்ததாக எச்சரித்தது. துணியில் முகம் அழுந்தியும், நாடி நெஞ்சில் மடங்கி மூச்சடைத்தும் இறந்தவை அதில் உண்டு, அனேகமானவை நாலு மாதத்துக்கு உட்பட்டவை. முகம் எப்போதும் தெரியவேண்டும், நாடிக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரல் போகவேண்டும், முழங்கால் குண்டிக்கு மேலே இருக்கவேண்டும் என்று மருத்துவிச்சி மகளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள்.

ஆகவே புதுத் துணி வாங்கினேன். சாய்ந்த நெசவுப் பருத்தி, காற்சட்டைத் துணி மாதிரி நெசவு, ஆனால் மெல்லிசு. சாதாரண நெசவு தோளை வெட்டும், இது குறுக்கே கொஞ்சம் இழுபட்டு உடம்போடு படியும். நாலு மீற்றர் அறுபது நீளம், எழுபது சென்ரிமீற்றர் அகலம். தையல் என்று பெரிதாக ஒன்றுமில்லை, சுற்றிவர இரண்டு மடிப்பாக ஓரம் அடிக்கவேண்டும், அவ்வளவுதான். நடுவில் எங்கேயும் பொருத்துத் தையல் வரக்கூடாது. இப்படியான துணிகளில் இருட்டிலும் கைக்குத் தெரியும்படி நீளத்தின் சரிநடுவில் ஓரத்தில் ஒரு சிறு அடையாளத் துண்டு வைப்பார்கள். நடுவைக் கண்டுபிடித்தால்தான் கட்டத் தொடங்கலாம். அந்த அடையாளத்துக்கு, சேலை கிழிந்த இடத்தில் கரையிலிருந்து இரண்டு விரலகலம் வெட்டினேன். மிச்சத்தைப் பழைய மடிப்பில் மடிக்காமல் சுருட்டி, கனடாவுக்கு அனுப்பப் பொதி செய்து வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை மகள் வந்து கட்டிப் பார்த்தாள். பிள்ளைக்குப் பதிலாக ஐந்து கிலோ பசுமதி அரிசிப் பை. இரண்டாம் தரம்தான் முடிச்சு சரியாக வந்தது. அரிசிப் பையை நெஞ்சில் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கிக் குப்பை போட்டுவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டுத் தமிழ் ஆன்ரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை இது, குறத்தி மாதிரி" என்றாவாம்.

"நீ என்ன சொன்னனி?" என்று கேட்டேன்.

"ஓம் ஆன்ரி எண்டு சொன்னன்" என்றாள்.