வாங்குவோர்க்கும் வினை உண்டோ?

ஒரு பொருளைத் தீய வழியில் விளைவித்தவன் ஒருவன். அதனை உரிய விலை கொடுத்து வாங்கியவன் வேறொருவன். விளைவித்தவன் செய்த தீமையில் வாங்கியவனுக்கும் பங்கு உண்டா? இவ்வினா மிகப் பழையது. ஆயினும், பெரும் நிறுவனங்கள் தமக்கு வேண்டிய மூலப்பொருள்களைக் கடல் கடந்த நாடுகளிலிருந்து, பல கை மாறிப் பெறும் இந்நாளில் அது புதிய வலிமையுடன் எழுந்து நிற்கின்றது. "பொருளின் தரத்திற்கே நாங்கள் பொறுப்பு, அது விளைந்த இடத்தில் நடப்பவற்றை நாங்கள் எவ்வாறு அறிவோம்?" என்பது வணிகர் பலர் கூறும் விடை. இவ்விடை அறத்தின் முன் நிற்குமா என்று ஆராய்வோம்.

நம் முன்னோர் வினை ஈட்டப்படும் வழிகளை மூன்றாக வகுத்தனர். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்பன அவை. தத்வார்த்த சூத்திரம் இல்லறத்தார்க்குரிய கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களைக் கூறுமிடத்து, திருடப்பட்ட பொருளை ஏற்றலையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுகின்றது. கொல்லாமை விரதத்தின் அதிசாரங்களுள் அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுதலும் ஒன்று. ஆகவே, தன் கையால் தீங்கு செய்யவில்லை என்பது மட்டும் ஒருவனைத் தூயவனாக்கிவிடாது. இவ்வளவில் ஐயமில்லை. ஐயம் எழுவது அடுத்த படியில்தான். தீமையை அறிந்த பின் வாங்குவோன் செய்யத்தக்கது யாது? உடனே விலகுவதா? உடனிருந்து திருத்துவதா? இதற்கு இங்கிலாந்தின் வரலாற்று நிகழ்ச்சி ஒன்று துணை செய்யும்.

பர்மிங்காம் நகரை அடுத்த போர்ன்வில்லில் சாக்லேட்டு உற்பத்தி செய்த காட்பரி குடும்பத்தினர் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்தவர்கள். போரையும் அடிமை முறையையும் வெறுத்தவர்கள். தம் தொழிலாளர்க்குத் தோட்டத்துடன் கூடிய வீடுகளும் விளையாட்டுத் திடல்களும் அமைத்துப் புகழ் பெற்றவர்கள். அவர்கள் வாங்கிய கோகோவில் ஏறத்தாழப் பாதி, போர்த்துக்கல் நாட்டின் ஆட்சியிலிருந்த சாவோ தொமே என்னும் ஆப்பிரிக்கத் தீவிலிருந்து வந்தது. அங்கு அடிமை முறை 1870களிலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டிருந்தது. ஆனால், அங்கோலாவிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தம் என்ற பெயரில் கொண்டுவரப்பட்ட தொழிலாளருள் ஊர் திரும்பியோர் மிக அரியர்.

1901ஆம் ஆண்டில் இச்செய்தி வில்லியம் காட்பரியின் செவிக்கு எட்டியது. அவர் வாளாவிருக்கவில்லை. 1903இல் லிஸ்பன் சென்று அதிகாரிகளைக் கண்டார். புதிய சட்டத்தால் நிலைமை திருந்தும் என்ற உறுதிமொழியைப் பெற்றார். 1905இல் ஜோசப் பர்ட் என்பாரை நேரில் கண்டறிந்து வர அனுப்பினர். அவரது அறிக்கையும் கொடுமை உண்மையென்றே கூறிற்று. 1908இல் வில்லியம் தாமே ஆப்பிரிக்கா சென்றார். இறுதியாக, 1909 மார்ச்சுத் திங்களில்தான் அத்தீவின் கோகோவை வாங்குவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. அறிந்ததற்கும் விலகியதற்கும் இடையே எட்டாண்டுகள் கழிந்தன.

இத்தாமதத்தைக் குத்திக்காட்டி 'ஸ்டாண்டர்ட்' என்னும் நாளிதழ் எழுதியது. காட்பரி நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. இதழுக்காக வாதாடிய எட்வர்டு கார்சன், அவ்வாண்டுகளில் இக்கோகோவை விளைவித்து மாண்டோர் எத்தனை பேர் என்று கணக்கிட்டதுண்டா என வில்லியத்தை வினவினார். இல்லை என்பதே விடை. 1909 டிசம்பரில் தீர்ப்பு காட்பரி பக்கமே கிடைத்தது. ஆனால், நடுவர் குழு வழங்கிய இழப்பீடு ஒரு பார்த்திங், அதாவது ஒரு பவுனில் 960இல் ஒரு பங்கு!

காட்பரியின் வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. விலகிவிட்டால் சொல்லும் செல்வாக்கும் போய்விடும். நாம் விட்டதை வேறொருவர் வாங்குவர் என்பது அவ்வாதம். இதில் உண்மையும் உண்டு. அவர்கள் விலகிய பின்னர் அக்கோகோ வேறு சந்தைகளுக்குச் சென்றது. விலகுதல் விலகியவனின் மனத்தைத் தூய்மையாக்கலாம். துன்புறுவோனின் விலங்கை அதுவே உடைத்துவிடாது.

எனினும், அந்த எட்டாண்டுகளின் கணக்கைப் பார்த்தல் வேண்டும். கோகோ தடையின்றி வந்தது. ஆலை தடையின்றி ஓடியது. காத்திருந்தவர்க்குப் பொருள் இழப்பில்லை. காத்திருத்தலின் விலையைத் தம் உடலாலும் உயிராலும் செலுத்தியவர்கள் தோட்டத்திலிருந்தவர்களே. தவணை கேட்பவன் ஒருவன், அதற்கு வட்டி கட்டுபவன் வேறொருவன் என்றால் அது பொறுமை ஆகாது, உடன்படுதலே ஆகும்.

நூறாண்டு கழித்தும் அதே கோகோவில் அதே கதை நிகழ்ந்தது. மேற்கு ஆப்பிரிக்கத் தோட்டங்களில் சிறுவர் உழைப்பின் மிகக் கொடிய வடிவங்களை ஒழிப்பதாகச் சாக்லேட்டு நிறுவனங்கள் 2001இல் அமெரிக்காவில் உடன்படிக்கை செய்தன. 2005 என்று குறித்த கெடு 2008 ஆயிற்று. பின்னர் 2010 ஆயிற்று. பின்னர் 2020க்குள் எழுபது விழுக்காடு குறைப்பது என்று இலக்கே சுருங்கிற்று. 2020இல் வெளியான, சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு, ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் ஏறத்தாழ 15.6 லட்சம் சிறுவர்கள் கோகோத் தொழிலில் தகாத உழைப்பில் இருப்பதாக மதிப்பிட்டது. கெடு தவறியமைக்காக எந்த நிறுவனமும் அவ்வுடன்படிக்கையால் தண்டிக்கப்படவில்லை. அது சட்டக் கட்டுப்பாடற்றது.

விற்போன் நல்வழியில் நடக்கவேண்டுமென நிபந்தனை விதித்துவிட்டு, அவ்வாறு நடக்க இயலாத அளவுக்கு விலையைக் குறைப்பது மற்றொரு தவறு. ஆசிரியப் பயிற்சி மாணவர்க்கு நாம் அடிக்கடி கூறியது ஒன்றுண்டு: ஓரிரவில் முடிக்க இயலாத வீட்டுப்பாடத்தைக் கொடுத்துவிட்டு, பார்த்து எழுதினான் என்று பிள்ளையைத் தண்டிக்கும் ஆசிரியர், அப்பிழையில் முதற் பங்காளர் ஆவார். கொள்முதல் செய்வோர்க்கும் இது பொருந்தும். 2019இல் கானாவும் ஐவரி கோஸ்டும் உழவரின் வாழ்க்கைத் தேவைக்கெனக் கோகோ டன் ஒன்றுக்கு 400 டாலர் கூடுதலாக விதித்தன. வாங்குவோர் அதனை ஏற்றுக்கொண்டே, வேறொரு வகையில் விலையைக் குறைத்து ஈடுகட்டிக்கொண்டனர் என்று அந்நாடுகள் பின்னர்க் குற்றஞ்சாட்டின. நற்சான்றிதழைக் கேட்பவர், அதற்குரிய செலவையும் ஏற்றல் வேண்டும். இல்லையேல் அது அளவு மீறிப் பாரம் ஏற்றுதலே.

எனவே, நம் வினாவிற்கு விடை இதுவெனத் தோன்றுகின்றது: உடனே விலகுதலும் அறமாகலாம்; உடனிருந்து திருத்துதலும் அறமாகலாம். உடனிருப்பதாயின் மூன்று வேண்டும். மாறாத கெடு வேண்டும். நேர்மையான விலை வேண்டும். காத்திருக்கும் காலத்தின் இழப்பில் தன் பங்கைத் தானே சுமக்கும் நெஞ்சும் வேண்டும். இம்மூன்றும் இல்லாத இடத்தில் "திருத்திக்கொண்டிருக்கிறோம்" என்னும் சொல் வெறும் போர்வையே.

நம் இல்லத்துப் பிள்ளைகளுள் கொள்முதல் பொறுப்பில் இருப்போர், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இம்மூன்றையும் எண்ணிப் பார்ப்பாராக. கடையில் நிற்கும் நாமும், ஒரு பொருள் நம்ப முடியாத மலிவில் கிடைக்குமாயின், மீதி விலையைச் செலுத்தியவர் யார் என்று ஒரு கணம் எண்ணுவோம். தண்ணீரை வடிகட்டிப் பருகும் மரபினர் நாம். கண்ணுக்குப் புலனாகாத உயிர்க்கும் இரங்கும் அந்நெஞ்சு, கண்ணுக்கு எட்டாத தொலைவிலுள்ள மனிதர்க்கும் இரங்குதல் வேண்டும்.