மழையின் பங்கும் மனிதன் பங்கும்

வீட்டுக் கொல்லையில் பத்தடி நிலத்தைக் கொத்திக் கீரை விதைப்பவன் தத்துவம் பேசுவதில்லை. ஆயினும் அவன் கையில் எடுக்கும் ஒரு பிடி விதைக்குள் அறவியலின் பழைய கேள்வி ஒன்று அடங்கிக் கிடக்கிறது. தன் ஆணைக்கு அடங்காத வானத்தை நம்பித் திட்டமிடுபவன், அத்திட்டம் பொய்த்துப் போனால் எதுவரை பொறுப்பாளி ஆவான்?

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அறத்துப்பாலின் இறுதியில் ஊழை வைத்தவர், பொருட்பாலில் ஆள்வினையுடைமையையும் வைத்தார். இம்மூன்றையும் ஒரே நூலில் காணும் மாணவன் முரண்பாடோ என மயங்குவதுண்டு. வகுப்பறையில் தீராத அம்மயக்கம் காய்கறித் தோட்டத்தில் ஓரளவு தெளியக்கூடும்.

மலேசியத் தமிழர்க்கு இக்கேள்வி புதியதன்று. ஆடிப் பட்டம் தேடி விதை என்னும் பழமொழியை முன்னோர் தமிழகத்திலிருந்து தம்மோடு கொண்டு வந்தனர். அங்கே ஆடியில் விதைத்த பயிரைப் பின்வரும் வடகிழக்குப் பருவமழை வளர்த்துவிடும். தீபகற்பத்தின் மேற்குக் கரையிலோ ஆடி ஒப்பளவில் மழை குறைந்த காலம். பருவக்காற்று திசை மாறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும்தான் பிற்பகல் இடிமழை கொட்டுகிறது. பழமொழி பொய்யன்று, வானம் வேறு. அந்தப் புதிய வானத்தின் கணக்கைத் தோட்டப்புற மக்கள் பட்டுப் பட்டே கற்றனர். விடியற்காலை மழை மரப்பட்டையை நனைத்துவிட்டால் அன்று பால்வெட்டு இல்லை; வெட்டு இல்லையேல் பெரும்பாலும் கூலியும் இல்லை. அத்தகைய நாள்களில் லயத்து வீட்டின் பின்புறத்து முருங்கையும் மரவள்ளியும் அடுப்பை அணையாமல் காத்தன. 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதானபோது மரவள்ளியே உணவாயிற்று. 1974இல் துன் அப்துல் ரசாக்கின் அரசு பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி வீட்டுத் தோட்டத்தை ஊக்குவித்தது. அதற்கு நெடுநாள் முன்பே, எவரும் சொல்லாமலே, இம்மக்கள் அதைச் செய்து வந்தனர் என்பதை இங்கே குறிப்பிடுவது தகும்.

ஒரு குடும்பம் தோட்டம் போடுகிறது எனக் கொள்ளலாம். தந்தை நிலத்தைக் கொத்துகிறார். தாய் விதைகளைத் தெரிந்தெடுக்கிறார். நீரூற்றுவதும் வடிகாலில் விழும் சருகை அள்ளுவதும் மகளின் வேலை. தண்டுக்கீரை விதைத்த மூன்றாம் நாள் பெருமழை பிடித்துக்கொள்கிறது. கடுகினும் சிறிய அவ்விதைகள் மண்ணோடு அடித்துச் செல்லப்படுகின்றன. பாகற்கொடி பூத்து நின்றும், ஓயாத மழையில் தேனீக்கள் வாராமையால் பிஞ்சு பிடிக்கவில்லை. மிளகாய்ச் செடிகளோ வேரடியில் நீர் தேங்கித் துவண்டு விழுகின்றன. அப்போது அவ்வீட்டில் எழும் முதற்குரல் யாது? "நீ சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை" என்பதே. மழையைக் கடிந்து பயனில்லை. மகள் அருகிலேயே நிற்கிறாள். இரண்டு மாதம் சென்று வெண்டை நன்றாகக் காய்த்தால், அதே தந்தை அண்டை வீட்டாரிடம் தம் கைராசியைப் புகழ்ந்துகொள்கிறார். விளைந்தால் தன் திறமை, பொய்த்தால் பிறர் குற்றம் என்னும் இக்கணக்கு, குடும்பங்களில் நிகழும் அநீதிகளுள் மிகச் சிறியது. மிகப் பரவலானதும் அதுவே.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. பாத்தியை மேடாக்காதவனும், வடிகால் வெட்டாதவனும், கையிலிருந்த விதை முழுவதையும் ஒரே நாளில் தூவியவனும் மழையின் பின்னே ஒளிந்துகொள்கின்றனர். மழை வாய் பேசாது. அதன்மேல் எப்பழியையும் சுமத்தலாம்.

அப்படியானால் திட்டம் எதற்கு? விளைச்சலை உறுதி செய்வதற்கு என்பர் சிலர். அஃது இயலாது. 2014ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் நீடித்த வறட்சியால் சிலாங்கூரில் குழாய்நீரே பங்கிட்டு வழங்கப்பட்டது. அதே மாநிலத்தில் 2021 டிசம்பரில் ஷா ஆலம் வட்டாரத்து வீடுகளுக்குள் வெள்ளம் ஆளுயரம் புகுந்தது. எந்தத் தோட்டக்காரன் இவ்விரண்டையும் முன்னறிந்து பாத்தி கட்டியிருப்பான்? திட்டத்தின் பயன் வேறு. செய்யத்தக்கவை இவையென முன்னரே வரையறுத்துக்கொண்ட குடும்பத்துக்கே, பயிர் அழிந்தபின் தவறு எது, இடர் எது எனப் பிரித்துக் காண இயலும். பாத்தி உயர்த்தப்பட்டதா? கீரை ஒரே நாளில் இன்றிப் பத்து நாளுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைக்கப்பட்டதா? நீரை விரும்பும் கங்கோங் கீரை தாழ்விலும், நீர் தேங்கினால் அழுகிப்போகும் மரவள்ளி மேட்டிலும் நடப்பட்டனவா? போத்தலில் ஒரு பிடி விதையேனும் மிச்சம் வைக்கப்பட்டதா? இவை அனைத்தும் செய்யப்பட்டிருந்தால், பின்னர் நேர்ந்த இழப்புக்காக வீட்டிலுள்ள எவரையும் நோவது முறையன்று. செய்யப்படவில்லையேல் வானத்தை நோவதும் முறையன்று.

சந்தையில் வாங்கிவிடக்கூடிய ஒரு கட்டுக் கீரைக்கு இத்துணை ஆராய்ச்சி தேவையா எனச் சிலர் வினவலாம். கீரையின் விலை சிறிதுதான். ஆனால் பெரியவர்கள் எவ்வாறு தீர்ப்பளிக்கிறார்கள் என்பதை அம்மகள் கற்றுக்கொள்ளும் முதல் இடங்களுள் அத்தோட்டமும் ஒன்று. தேர்வன்று காய்ச்சலில் கிடந்து மதிப்பெண் இழந்த மாணவனையும், படிக்காமலே இழந்த மாணவனையும் ஒரே சொல்லால் ஏசும் ஆசிரியர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

கணக்கு எப்போதும் இவ்வளவு தெளிவாக அமைவதில்லை என்பது உண்மையே. வடிகாலில் விழுந்த சருகை மகள் இரண்டு நாள் அள்ள மறந்திருப்பாள். அள்ளியிருந்தாலும் அந்த மழைக்கு அவ்வடிகால் தாங்கியிருக்காது. குற்றத்தையும் இடரையும் இத்தனை பங்கு, அத்தனை பங்கு என நிறுத்துக் காட்டும் தராசு எவரிடமும் இல்லை. தந்தை அவளோடு குனிந்து சருகை அள்ளலாம். அள்ளும்போது, அவள் மறந்ததையும், இம்மழைக்கு இவ்வடிகால் எப்படியும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்லலாம்.