பாலிஸி நமக்கல்ல, நாம் இடித்தவருக்கு

நம் நசரத்பேட்டையில் தெருவைத் தாண்டினால் பெங்களூர் ஹைவே. வண்டி எடுக்காத வீடு இல்லை.

2018 செப்டம்பர் 1 முதல் புது காருக்கு 3 வருடம், பைக்குக்கு 5 வருடம் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் கட்டாயமாக்கியது. ஷோரூமிலேயே போட்டுவிடுகிறார்கள். அது முடிந்த பிறகுதான் நம் அலட்சியம் ஆரம்பிக்கிறது. "பிடித்தால் 2,000 ரூபாய் ஃபைன்தானே ஹஜ்ரத்" என்றார் ஒரு தம்பி.

இன்ஷூரன்ஸில் உலமாக்களிடம் கருத்து வேறுபாடு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் காரின் கீறலுக்குப் பணம் வாங்கும் பாலிஸி வேறு, இது வேறு. இந்தப் பணம் நாம் இடித்தவருக்குப் போகிறது.

சூரா நிஸாவின் 92வது ஆயத்தைப் பாருங்கள். தவறுதலாக உயிர் போனாலும் கஃப்பாராவோடு முடியாது. குடும்பத்தார் விட்டுக்கொடுத்தாலொழிய தியத் கொடுத்தாக வேண்டும். அன்று அந்தச் சுமையை ஆகிலா, அதாவது தந்தைவழி உறவினர்கள் சேர்ந்து சுமந்தார்கள். இன்று எந்தச் சித்தப்பா வருவார்? பாலிஸி இல்லையென்றால் தீர்ப்பாயம் சொல்லும் லட்சங்கள் வண்டிக்காரர் தலையில். அவரிடமும் இல்லையென்றால் அந்த யத்தீம் பிள்ளைகள் யாரிடம் போய் நிற்பார்கள்?

தொழுதுவிட்டுப் போய் வண்டிப் பேப்பரை எடுத்துத் தேதியைப் பாருங்கள். என் பைக்குக்கு 11 நாள் தாண்டியிருந்தது; நேற்றுதான் கட்டினேன்.