வரிசையில் ஏறிய நாமம்

இறைநாமத்தை எண்ணிக்கையால் அளக்கலாமா என்பது பக்தி மரபில் பழைய கேள்வி. 1969இல் அது இசைத்தட்டு விற்பனைப் பட்டியலிலும் ஏறியது. லண்டன் ராதா கிருஷ்ணா கோவில் பக்தர்கள் பாடிய ஹரே கிருஷ்ணா மந்திரத்தை பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் தயாரித்தார். ஆப்பிள் நிறுவனம் அதைச் சிறு இசைத்தட்டாக ஆகஸ்ட் இறுதியில் வெளியிட்டது. பிரிட்டிஷ் பட்டியலில் அது 12ஆம் இடம் வரை வந்தது. மறு ஆண்டு வெளியான ‘கோவிந்தா’ 23ஆம் இடத்தோடு நின்றுவிட்டது.

அந்தப் பட்டியலுக்காகச் சுமார் 250 கடைகள் தாங்கள் விற்ற தட்டுகளைக் குறித்து வாரந்தோறும் தபாலில் அனுப்பும். தட்டை வாங்கியவர் கண்ணனுக்காக வாங்கினாரா, ஹாரிசன் பெயரைப் பார்த்து வாங்கினாரா என்பது அதில் வராது.

பக்திக்கும் கணக்குக்கும் ஒத்துவராது என்று இதைக் கொண்டு முடிவுகட்டுவது அவசரம். பெங்களூர் அல்சூர் சோமேசுவரர் கோவில் ஆகட்டும், வேறு எந்தச் சிவாலயம் ஆகட்டும், அர்ச்சனை என்றாலே எண்ணிக்கைதான். பெயர், நட்சத்திரம், கோத்திரம் சொல்லிச் சங்கல்பம் ஆனதும் நாமத்துக்கு ஒன்றாக வில்வ இலை லிங்கத்தின்மேல் விழும். 108 முடிந்தால் தீபாராதனை. தியாகராஜர் 96 கோடி முறை ராமநாமம் ஜபித்தார் என்பது மரபு. நாளுக்கு ஒன்றேகால் லட்சம் வீதம் 21 ஆண்டுகள் என்று கணக்கும் சொல்வார்கள். எந்த இசைத்தட்டும் அந்த எண்ணை நெருங்கியதில்லை. அர்ச்சனைக்கும் சீட்டு வாங்கத்தான் வேண்டும் என்பதால், அங்கே காசு இல்லை, இங்கே உண்டு என்று பிரிப்பதும் செல்லாது.

வேறுபாடு எண்ணுக்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஒருவர் பெயரில் 108 அர்ச்சனை நடந்தால் அடுத்தவருக்கு உரியதில் ஒன்றும் குறையாது. 12ஆம் இடம் என்பதோ தலைக்குமேல் பதினொரு பாட்டு இருந்தால்தான் உண்டு; ஒன்று ஏற வேண்டுமானால் இன்னொன்று இறங்கியாக வேண்டும். நாமத்தின் எண்ணிக்கையைச் சொல்லலாம். நாமத்துக்கு இடம் ஒதுக்குவது வேறு காரியம்.

ஹாரிசனின் ‘மை ஸ்வீட் லார்ட்’ பட்ட பாடு இதற்கு நல்ல சாட்சி. அல்லேலூயாவும் ஹரே கிருஷ்ணாவும் மாறி மாறி ஒலிக்கும் அந்தப் பாடல் 1970 டிசம்பரில் அமெரிக்காவிலும் மறுமாதம் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. பிறகு வழக்கு வந்தது. சிஃபான்ஸ் குழுவின் 1963ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றின் மெட்டை ஹாரிசன் தம்மை அறியாமலேயே எடுத்தாண்டுவிட்டார் என்று 1976இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மெட்டுக்கு உரிமையாளர் இருந்தார். அதில் ஏறிய நாமங்களுக்கு உரிமை கேட்டு யாரும் படியேறவில்லை.

இந்தியாவுக்கென்று அமெரிக்க இசை இதழான பில்போர்டின் பாடல் பட்டியல் 2022இல்தான் வந்தது. இணையத்தில் ஒரு பாட்டு எத்தனை முறை ஒலிக்கிறது என்பதே இப்போது முக்கியக் கணக்கு. முன்பு ஒரு தட்டை வாங்கி ஆயிரம் முறை கேட்டாலும் ஒன்றுதான். இன்று ஒவ்வொரு முறையும் எண்ணப்படுகிறது. ஜபமாலையை உருட்டுவதற்குக் கொஞ்சம் கிட்டே வந்துவிட்டது எனலாம், சொல்வது நாவாக இல்லாமல் கேட்பது செவியாக இருந்தாலும். பெங்களூரின் அகம் இசைக்குழு மின்கிதாரும் டிரம்ஸும் முழங்க தியாகராஜரின் நளினகாந்தி ராகக் கிருதியைப் பாடுவதைக் கேட்கிறவர்கள், அந்த எண்ணைப் பாட்டின் கீழேயே பார்க்கிறார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி 1963இல் தட்டாக வந்த வேங்கடேச சுப்ரபாதத்துக்குத் தட்டுக் காலத்தில் அப்படியொரு எண் கிடையாது. விடியற்காலையில் கோவில் ஒலிபெருக்கியும் டீக்கடை வானொலியும் அதை எத்தனை முறை பாடின என்று எந்தக் கடையும் தபாலில் எழுதி அனுப்பியதில்லை. உரிமைத்தொகை மட்டும் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு எழுதிவைக்கப்பட்டது.